தொண்டை கட்டிய பெந்தகோஸ்து

அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கியதும் இலியாஸ் திர்க்கி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "மரமெல்லாம் எங்கே?" என்று கேட்டார். எங்கள் கும்லாவில் சால் மரக் காடு வீட்டுக் கொல்லை வரைக்கும் வந்து நிற்கும். "அதோ, கருவேல மரம்" என்று சாலையோரத்தைக் காட்டினேன். அதை அவர் மரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

எங்கள் கும்லா என்கிறேனே தவிர, நான் பிறந்தது தூத்துக்குடியில். ஜார்கண்டில் கும்லா பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போனவள், ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே வீடு கட்டி உட்கார்ந்துவிட்டேன். அங்கே எல்லோருக்கும் பொதுவான சாத்ரி மொழி எனக்கு நன்றாக வரும். இலியாஸ் அந்த ஊர் உராவ் பழங்குடி விவசாயி. அவர் மகள் சலோமி பிறந்தபோது கையில் ஏந்தியவள் நான்தான். அந்த உரிமையில்தான் இந்தப் பயணத்துக்கு என்னைத் துணைக்கு அழைத்தார்.

காரியம் இதுதான். சலோமி பந்தல்குடி சாலையில் ஒரு நூற்பாலைக்கு வேலைக்கு வந்தாள். அதே ஆலையில் பிட்டராக இருந்த ஆரோக்கியராஜும் அவளும் விரும்பி, போன தை மாதம் அருப்புக்கோட்டையில் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். இலியாஸ் அப்போது கால் உடைந்து படுக்கையில் கிடந்தார். மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்துவுக்குக் கால் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் வரவில்லை. திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே ஒரு சின்னக் கிராமத்தில் ஆடும் மானாவாரி நிலமும் வைத்திருப்பவர் அவர். "பாஷை தெரியாத எடத்துல சம்மந்தம் வச்சு, நான் யாருகிட்டப் போயி என்னத்தப் பேச?" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து மகனோடும் பேச்சில்லை, மருமகளை வீட்டுக்குள் விடவும் இல்லை.

பேசத்தானே ஆள் வேண்டும்? அதற்குத்தான் நான். ரயிலில் ஏறியதிலிருந்தே சவரிமுத்துவிடம் பேச வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். எந்த இடத்தில் குரலை உயர்த்துவது, எந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைப்பது என்பதுவரை தயார்.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆரோக்கியராஜ் எங்களைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனான். மாஸ்டர் மாவை வீசி விரிப்பதை இலியாஸ் சாப்பிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெயில் முக்கி எடுத்த பரோட்டா வந்ததும் ஒரு விளிம்பைப் பிடித்து ஏடு ஏடாகப் பிரித்தார். "இது சாப்பிடவா, உடுத்தவா?" என்றார். சால்னாவில் ஊறியதும் அந்தக் கேள்வி அவருக்கு மறந்துவிட்டது. மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்த மனிதர், இலையை வழித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

அவர்களுடைய வாடகை அறை மாடியில் இருந்தது. சலோமி உடைந்து அழுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் அழவில்லை. ஆலைத் தமிழில் என்னிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"பாஸ்கா அன்னைக்கு இவுக ஊருல கறி கூறு போட்டாக ஆன்ட்டி. இவுக போயி நின்னாக. எல்லார் பேரும் கூப்புட்டாக, இவுக பேரு கூப்புடல. வெறுங்கையோட வந்தாக."

பாஸ்கா என்பது ஈஸ்டர். அது மாதிரித் திருநாள் என்றால் அந்த ஊரில் பொதுவில் கிடாய் வெட்டி, கறியைச் சமமாகக் கூறு போடுவார்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணமாகித் தனியாக அடுப்பு வைத்தவன் ஒரு தலைக்கட்டு. பெயரைக் கூப்பிட்டு ஓலையில் வைத்துக் கொடுத்தால் அந்த வீடு ஊரில் ஒரு வீடு, கூப்பிடாவிட்டால் இல்லை. கூறு போடுவதும் பெயர் கூப்பிடுவதும் பரம்பரையாகச் சவரிமுத்து வீட்டு வேலை. பெற்ற அப்பனே பிள்ளையின் பெயரை விழுங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெந்தகோஸ்து திருநாள். அன்றைக்கும் கூறு உண்டு. அதற்குள் நான் சவரிமுத்துவைப் பேசிக் கரைத்தாக வேண்டும்.

சனிக்கிழமை சலோமிக்கு விடுப்புச் சொல்ல ஆலை வாசல்வரை போனோம். பந்தல்குடிச் சாலையில் லாரி ஒவ்வொன்றும் ஒரு மண்மேட்டைக் கிளப்பி என் முகத்தில் கொட்டிவிட்டுப் போயிற்று. வெயிலோ, சட்டியில் போட்டு வறுக்கிற வெயில். திரும்பும் வழியில் ஐஸ் மலை மாதிரி மிதந்த நன்னாரி சர்பத்தைக் கண்டேன். நர்ஸாக வேலை பார்த்தவள் செய்யக்கூடாத வேலை. இரண்டு கிளாஸ் குடித்தேன்.

சாயங்காலமே குரல் கரகரத்தது. சலோமி மிளகுப் பால் வைத்தாள், கீழ்வீட்டுக்காரம்மா சுக்குத் தட்டிக் கொடுத்தாள், மெடிக்கல் கடைக்காரர் ஒரு மாத்திரை கொடுத்தார். மூன்றையும் மரியாதையாக விழுங்கினேன். ஞாயிறு காலை எழுந்து "இலியாஸ்" என்று கூப்பிட்டேன். வாய் அசைந்தது, காற்று வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

இலியாஸ் என் முகத்தைப் பார்த்தார். "பரவாயில்லை தீதி. வந்துவிட்டோம், போய்ப் பார்ப்போம்" என்றார். எனக்கு அழுகையே வந்தது. அவ்வளவு தூரம் ஒரு வாயை நம்பி வந்த மனிதர், அந்த வாய் இரண்டு கிளாஸ் சர்பத்தில் போய்விட்டது.

சலோமியும் ஆரோக்கியராஜும் பைக்கில் முன்னால் போக, நாங்கள் வீரசோழன் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். திருச்சுழி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை என்று டிரைவர் சொன்னபோது, ஏதோ ஊர்ச் செய்தியைக் கேட்பதுபோல எல்லோரும் தலையாட்டிவிட்டு இறங்கினார்கள். உடை மர நிழல் என்பது பெயருக்குத்தான் நிழல். அதற்குள் ஒடுங்கி நின்றோம்.

பக்கத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் இலியாஸிடம் தமிழில் ஏதோ கேட்டார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். அவர் இலியாஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரளமான இந்தியில் பேச ஆரம்பித்தார். காதர் பாய், வீரசோழன்காரர், சவுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார்.

"சவுதியில இந்தி தெரியலைனா டீ கூட குடிக்க முடியாதுங்க" என்றார் என்னிடம். "இலியாஸ்ங்கிறாரு. அது நம்ம நபி பேருல்ல?"

அதையே இந்தியிலும் கேட்டார். இலியாஸ் தன் சட்டைக்குள்ளிருந்த சிலுவையை எடுத்துக் காட்டி, எங்கள் வேதத்திலும் அவர் உண்டு என்றார். "அப்ப ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளு" என்று காதர் பாய் சிரித்தார். பிறகு முழுக் கதையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரே ஊருக்கு வந்து பேசிக் கொடுக்கமாட்டாரா என்று நான் ஆசையோடு பார்த்தேன். என் பார்வை அவருக்குப் புரிந்தது.

"தங்கச்சி மகளுக்கு இன்னைக்கு நிக்காஹ். நான் போகலைனா அங்க ஒரு வீடு ரெண்டாயிரும்" என்றார். "நீங்க கவலப்படாதீக. ரியாத்துல எங்க ரூமுல ஒரு பெங்காலி, ஒரு நேபாளி, நானு. மொத ஆறு மாசம் ஒருத்தன் பேசுறது ஒருத்தனுக்குத் தெரியாது. ஆனா எவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துருச்சுன்னு மத்த ரெண்டு பேருக்கும் தெரியும்."

அவரே கைகாட்டி, நரிக்குடிக்கு மளிகை லோடு ஏற்றிப்போன குட்டியானை வண்டியை நிறுத்தினார். நானும் இலியாஸும் அரிசி மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தோம். இருபக்கமும் தரிசு, நடுநடுவே வெடித்துக் கிடக்கும் கண்மாய். அதன் கரையில் வெள்ளாடுகள் பின்னங்காலில் நின்று கருவேலங்காய் பறித்தன. இலியாஸ் ஆடுகளை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சவரிமுத்துவின் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தபோது முதல் வாசகம் நடந்துகொண்டிருந்தது. பெந்தகோஸ்து வாசகம் படிக்கிறவர்கள் பாவம். பார்த்தர், மேதியர், எலாமியர் என்று வாயில் நுழையாத தேசத்தாரெல்லாம் வரிசையாக வருவார்கள். கும்லாவிலும் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள், இங்கேயும் அந்த இடத்தில்தான் தடுமாறினார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உண்மையைச் சொன்னால், பெந்தகோஸ்தை என் திருநாள் என்றே நான் நினைத்திருந்தேன். சீடர்கள் மேல் நெருப்பு நாவுகள் இறங்கின, அவர்கள் பேசினார்கள், வந்திருந்த அத்தனை தேசத்தாருக்கும் அவரவர் மொழியில் விளங்கிற்று. என்னைப் போல இரண்டு மொழிக்கு நடுவில் நிற்கிறவர்களுக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? அந்தப் பெருமையோடுதான் ரயில் ஏறினேன். இப்போது மொழிபெயர்ப்புக்காரி ஊமையாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சாமியார் இளைஞர். பிரசங்கத்தைச் சுருக்கமாக வைத்தார்.

"அன்னைக்கு எருசலேம்ல வந்தவங்க எல்லாரும் ஒரே பாஷைக்கு மாறிப் போகல. பார்த்தர் பார்த்தராத்தான் வீட்டுக்குப் போனாரு. அவங்கவங்க பாஷை அவங்கவங்ககிட்டயே இருந்துச்சு. மாறுனது ஒண்ணே ஒண்ணுதான். இவன் வேத்தாளு, இவன் சொல்றது எனக்கெதுக்குன்னு இருந்தவன், காதக் குடுத்தான். நாம பேசுறதுதான் ஆவியோட வரம்னு நெனக்கிறோம். கேக்குறதும் அவரு குடுக்குறதுதான்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பேசுகிற பக்கத்தை மட்டும்தான் நான் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களை யோசித்ததேயில்லை.

மன்றாட்டு நேரத்தில் சாமியார் இலியாஸை மேலே அழைத்தார். இன்றைக்கு ஒரு மன்றாட்டு அவருடைய தாய்மொழியில் இருக்கட்டும் என்று ஆரோக்கியராஜ் முன்பே சொல்லிவைத்திருந்தானாம். இலியாஸ் மைக்கின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, சாத்ரியில் இல்லாமல், குடுக் மொழியில் வேண்டினார். குடுக் உராவ் மக்களின் சொந்த மொழி, எனக்கே தெரியாது. அவர் என்ன கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முடித்ததும் கோயில் முழுவதும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. முன்வரிசையிலிருந்து வந்த குரல்தான் எல்லாவற்றிலும் கனத்த குரல். நெடுநெடுவென்று, நரைத்த மீசையோடு ஒருவர். ஆரோக்கியராஜ் என் காதில், "அதான் எங்க அப்பா" என்றான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சவரிமுத்துவின் மனைவி மரியபுஷ்பம். "அவுகளுக்குத் தெரியாம நானு டெய்லி இந்தப் பிள்ளகிட்ட போனுல பேசத்தான் செய்றேன். வீட்டுல அது பேரச் சொல்லப்படாது, சொன்னா எந்திரிச்சுப் போயிருவாக" என்றாள். "நீங்க பேசுவீகன்னு நம்பித்தான் இருக்கேன் நர்சம்மா." நான் தொண்டையைக் காட்டினேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பனையோலைகள் வரிசையாக விரித்திருந்தன. சவரிமுத்து குந்தி உட்கார்ந்து கூறு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓலையிலும் தொடைக்கறி கொஞ்சம், நெஞ்செலும்பு ஒன்று, ஈரலில் ஒரு துணுக்கு, குடலில் ஒரு துண்டு. ஆண்கள் கைகட்டி நின்றார்கள். எவரும் கிட்டப் போகவில்லை, வாய் திறந்து குறை சொல்லவுமில்லை. சலோமி தூரத்தில் பைக் அருகே நின்றாள்.

இலியாஸ் நேராகப் போய் சவரிமுத்துவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

கூட்டம் சலசலத்தது. சவரிமுத்து நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார். இலியாஸ் சிறிது நேரம் கூறுகளையே கண்ணால் அளந்தார். பிறகு ஒரு ஓலையிலிருந்து ஈரல் துணுக்கை எடுத்துப் பக்கத்து ஓலையில் வைத்தார். சவரிமுத்துவின் கை நின்றது. இரண்டு ஓலையையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தியதில் இரண்டு துணுக்கு விழுந்திருந்தது, பிந்தியதில் ஒன்றுமில்லை. குடல் சட்டியை இலியாஸ் பக்கம் தள்ளிவிட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து போட ஆரம்பித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. உராவ் கிராமங்களிலும் கறி இப்படித்தான் பங்கு வைப்பார்கள். இலியாஸ் அவர் ஊரில் அதில் கைதேர்ந்தவர். நடுவில் ஆட்டுத் தலையை எடுத்து உடைக்கப் போனார், அங்கே தலையும் எல்லோருக்கும் பங்கு. சவரிமுத்து அவர் மணிக்கட்டைப் பிடித்து, கிடாய் அறுத்தவரைத் தாடையால் காட்டினார். இங்கே தலை அறுத்தவருக்கு. இலியாஸ் தலையாட்டி, தலையை இரு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் வினை வந்தது. இலியாஸ் வெறும் ஓலை ஒன்றைக் கடைசியில் விரித்தார். முதல் கூறிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து அதில் வைத்தார். இரண்டாம் கூறிலிருந்து ஒன்று. மூன்றாவதிலிருந்து ஒன்று.

"ஏப்பா, போட்ட கூறுல கை வைக்கலாமா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"மகளுக்குப் பங்கு எடுக்காரு போல. கேக்க வேண்டியதத் தானாவே எடுக்காரு" என்றார் இன்னொருவர்.

போட்டு முடித்த கூறை எவரும் தொடக்கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். விருந்தாளி வந்திருந்தால், முடித்த கூறு எல்லாவற்றிலிருந்தும் கிள்ளி எடுத்து அவருக்கு ஒரு பங்கு வைக்க வேண்டும் என்பது இலியாஸ் ஊர் வழக்கம். ஒருவர் கொடுத்ததாக இல்லாமல், ஊரே கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதற்காக. கூட்டத்தில் இரண்டு வழக்கத்தையும் அறிந்தவர்களில் கேட்கிற தூரத்தில் நின்றவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. என் ஆயுளில் அவ்வளவு கையாலாகாதவளாக நான் நின்றதில்லை.

ஆரோக்கியராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "அப்பா, அவருக்கு நம்ம வழக்கம் தெரியாது" என்றான். சவரிமுத்து அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சும்மா இருங்கப்பா. மனுசன் என்ன செய்றாருன்னு பாப்போம்" என்றார்.

இலியாஸுக்கு யார் பேசியதும் புரியவில்லை, வேலையை நிறுத்தவுமில்லை. கடைசிக் கூறுவரை கிள்ளி முடித்தார். சவரிமுத்து அந்தப் புது ஓலையைக் காட்டி, யாருக்கு என்பதுபோல மோவாயை உயர்த்தினார். இலியாஸ் எழுந்து, ஓலையை இரு கைகளிலும் ஏந்தி, மகள் நின்ற பக்கம் திரும்பாமல், நேராக என்னிடம் வந்து நீட்டினார்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், வரிசையாகக் கிடந்த கூறுகளைப் பார்த்தார்.

"எல்லார்கிட்டயும் தொட்டு எடுத்து விருந்தாளிக்கு வைக்கிறாரு" என்றார் மெதுவாக. "நல்ல வழக்கந்தான் இது." இலியாஸ் பக்கம் திரும்பினார். "எத்தனையோ தொலவு வந்துருக்காரு. கத்தியும் கறியும் அவர் கையிலதான் இருந்துச்சு. தம் பிள்ளைக்குன்னு ஒரு துண்டு எடுக்கலயே."

பிறகு தானே ஒரு ஓலையை எடுத்து விரித்தார். முதலில் தன் கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதில் வைத்தார். நிமிர்ந்து ஊரைப் பார்த்தார்.

"சம்மந்தி செஞ்ச மாதிரியே நானும் எல்லார் கூறுலயும் ஒண்ணொண்ணு எடுக்கப் போறேன். யாருக்காச்சும் மனசு இல்லைனா இப்பவே சொல்லிருங்க."

சம்மந்தி என்ற சொல்லைக் கேட்டதும் மரியபுஷ்பம் வாயில் கை வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் மட்டும், "எங்கூறுல ஈரலாப் பாத்து எடு மாமா, புதுப் பொண்ணு திங்கட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் மீசைக்குள் சிரித்ததுபோல இருந்தது. ஓலை ஓலையாகக் குனிந்து எடுத்தார். அவர் முடித்தபோது அந்தக் கூறு மற்ற எல்லாக் கூறுகளையும்விடக் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அதைச் சரிசெய்ய இலியாஸ் இந்த முறை கை நீட்டவில்லை.

பெயர்கள் கூப்பிடப்பட்டன. ஒவ்வொருவராக வந்து வாங்கிப் போனார்கள். கடைசியில் அந்த ஓலை மட்டும் இருந்தது. வழக்கப்படி மகன் பெயரைத்தான் கூப்பிட வேண்டும். ஆரோக்கியராஜ் ஓரடி முன்னால் வைத்தான்.

"சலோமி" என்றார் சவரிமுத்து, கோயிலில் கேட்ட அதே கனத்த குரலில்.

மரியபுஷ்பத்தின் குலவைதான் முதலில் கிளம்பியது. பிறகு பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் எழுந்து பறந்தன. சலோமி பைக்கை விட்டு நடந்து வந்தாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன். ஜெயித்தது நாங்கள்தான், ஆனால் என் பேச்சால் ஜெயிக்கவில்லை. அதுவும் எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

சலோமி இரண்டு கையையும் நீட்டி ஓலையை வாங்கினாள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள். அருப்புக்கோட்டைக்குத் திரும்பிப் போகவா, வேண்டாமா என்று அவள் கண்கள் புருஷனைத் தேடின.

"என்ன தாயி நிக்க?" என்றார் சவரிமுத்து. "வீடு அந்தா இருக்கு. போயி அடுப்பப் பத்த வையி, நாங்க வாரோம்."

அவள் நடந்தாள். மரியபுஷ்பம் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து வைத்தாள். சலோமி வாசலை எட்டியதும் சவரிமுத்து இங்கிருந்தே சத்தம் போட்டார்.

"நிலை குட்டையா இருக்கும், தலை இடிச்சுரும். குனிஞ்சு போ."

சலோமி குனிந்து உள்ளே போனாள்.